அப்பாவை யாரும் அடிக்கவில்லை

என் கதையில் அப்பாவுக்கு ஒரு அறை விழுந்தது. நிஜத்தில் விழாத அறை. விழ வைத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்குப் பிறகு நான் சினிமாக்காரர்கள்மேல் கோபப்படப் போகிறேன். அந்தக் கோபத்தில் ஒரு பங்கு எனக்கும் சேர வேண்டியது என்று படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விளாங்குடியில் ஒரு வீடியோ ஸ்டூடியோவில் ஆறு வருடமாக எடிட்டராக இருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுவீடு குடிபோவது என்று மதுரையில் நடக்கிற விசேஷங்களில் கொஞ்சம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் வீடுகளுக்குப் போய்ச் சேரும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் பரவைக்கு மேற்கே இருக்கிற எங்கள் ஊரில் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். பிறகு அறுபது சென்ட் சொந்தமாக வாங்கினார்கள். என் கதை அந்த அறுபது சென்ட்டில்தான் நடக்கிறது.

அதற்கு முன்னால் என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

ஒரு கல்யாண வீடியோவில் பெண்ணின் அப்பா மருந்துக்கும் அழவில்லை. மண்டபத்துச் சமையல்கட்டில் சாம்பாருக்கு உப்பு பார்த்துக்கொண்டிருந்தபோது விறகுப் புகை பட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்தார். கேமராமேன் அதையும் எடுத்து வைத்திருந்தார். நான் அந்த நான்கு வினாடியை வெட்டி, தாலி கட்டுகிற இடத்துக்கு அடுத்ததாக ஒட்டினேன். பின்னால் அண்டா தெரியாதபடி முகத்தை மட்டும் பெரிதாக்கினேன். அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்துப் பெண்ணின் அம்மா ஸ்டூடியோவுக்குப் போன் செய்தார். "தம்பி, எங்க வீட்டுக்காரர் அழுது நான் பாத்ததே இல்ல. நீங்க காட்டிட்டீங்க. தெனமும் போட்டுப் பாக்குறோம்" என்றார். அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை. கதை என்பது முகத்தில் இல்லை, அந்த முகத்துக்குப் பக்கத்தில் நாம் எதை ஒட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த ஆள் நான்தான் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்தத் திமிரில்தான் எங்கள் வீட்டுக் கதையைச் சினிமாவாக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

கதை இதுதான். எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் திறந்தால் முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். ஒரு வயல் நனைந்து முடிந்தால் அடுத்த வயல். யாருக்கு அடுத்து யார் என்பது எந்தத் தாளிலும் இல்லாத வரிசை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். அப்பா அறுபது சென்ட் வாங்கிய வருடம் அந்த வரிசையில் எங்கள் வயல் இல்லாமல் போனது. முன்பு அந்த வயலை வைத்திருந்தவருக்கு முறை இருந்தது. வயல் காலனிக்காரர் கைக்கு வந்ததும் முறை மட்டும் வரவில்லை. உனக்குக் கிடையாது என்று யாரும் சொல்லவும் இல்லை. கேட்டால் "பாப்போம்" என்பார்கள். இன்னொருவரைக் கேட்டால் "வரும்ல" என்பார். நட்ட பயிர் தண்ணீர் இல்லாமல் மஞ்சளாகப் பழுக்க ஆரம்பித்தது.

அப்பா ஒரு நாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், மடைக்குப் பக்கத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்தார். தண்ணீரை மறிக்கவில்லை. வாய்க்காலில் கை வைக்கவில்லை. சும்மா உட்கார்ந்தார். முறைக்காரர் ஒவ்வொருவரும் தண்ணீர் திருப்ப அந்த வழியாகத்தான் வர வேண்டும். வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"அண்ணே, எனக்கு எப்ப முறை?"

இந்த 'அண்ணே'யைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். அதுவரை எங்கள் தெரு ஆள் ஊருக்குள் இருக்கிற எவரையும் 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார். கால்சட்டை போட்ட பையனும் 'சின்னையா'தான். முதலில் வந்தவர் அப்படியே நின்றுவிட்டாராம்.

"யாருடா ஒனக்கு அண்ணன்?"

"சரிண்ணே. எனக்கு எப்ப முறை?"

நான்கு நாள். பகலெல்லாம் அதே கல். அம்மா தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நிற்காமல் திரும்பிவிடுவாள். இரண்டு பேராக நின்றால் கலவரம் என்பார்கள், ஒருத்தர் உட்கார்ந்தால் கேள்விதான் என்பது அவளுடைய கணக்கு. நான்காம் நாள் ஒருத்தர் தன் மண்வெட்டியைக் கரையில் எறிந்தார். "ஏப்பா, மொதல்ல இவனுக்குத் தண்ணிய விட்டுத் தொலைங்கப்பா. நாலு நாளா ஒரே கேள்வி. தூக்கத்துலயும் எப்ப முறை, எப்ப முறைனு காதுக்குள்ள கேக்குது" என்று கத்தினார். தண்ணீர் வந்தது. அப்போது நான் நான்காம் வகுப்பு. வெடித்துக் கிடந்த மண் தண்ணீர் குடிக்கிற சத்தத்தை வரப்பில் நின்று கேட்டேன். அடுத்த வருடமும் முறை வந்தது. இன்று வரைக்கும் வருகிறது.

சினிமாவில் கதையை எழுதிக் கொடுத்தால் யாரும் படிப்பதில்லை. சொல்ல வேண்டும். எதிரே உட்கார்ந்து, "ஓப்பன் பண்ணா ஒரு கண்மாய்" என்று ஆரம்பித்து, "கட் பண்ணா" போட்டு, பின்னணி இசையையும் வாயாலேயே வாசித்துக் காட்ட வேண்டும். கதை சொல்லத் தெரியாதவனுக்குக் கதையே இல்லை என்பது அந்தத் தொழிலின் வழக்கம். அதனால் நான் ஸ்டூடியோவுக்குப் பக்கத்து டீக்கடையில் நண்பர்களிடம் சொல்லிப் பழகினேன்.

"ம், அப்புறம் மாப்ள?"

"அப்புறம் தண்ணி வந்துருச்சு."

"அது சரி. சண்டை எங்க?"

"சண்டை இல்லடா."

"சண்டை இல்லாம நாலு நாளா? நம்ம ஊருல டீக்குச் சீனி கம்மினாலே நாலு நிமிசத்துல கைகலப்பு. நீ என்னமோ தபால் ஆபீஸ்ல டோக்கன் வாங்கி உக்காந்த மாதிரி சொல்ற."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் கொட்டாவி விட்டான். கொட்டாவிதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த நாள் வேறு இரண்டு பேரிடம் சொல்லும்போது, இரண்டாம் நாள் மத்தியானம் ஒருத்தன் கரையிலிருந்து இறங்கி வந்து அப்பாவை ஓங்கி ஒரு அறை விட்டான் என்று சேர்த்தேன். சொல்லும்போதே உள்ளங்கைகளை 'பளார்' என்று தட்டினேன். வாய்க்குப் போன டீ கிளாஸ் பாதியில் நின்றது. "மாப்ள, இதான்டா" என்றான் ஒருவன். கையைக் காட்டினான், மயிர் சிலிர்த்திருந்தது. பெண்ணின் அப்பா முகத்தைத் தாலிக்குப் பக்கத்தில் ஒட்டிய அன்று வந்த அதே பெருமை எனக்கு வந்தது.

பிறகு எத்தனை பேரிடம் சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லச் சொல்ல அந்த அறை நடந்ததாகவே ஆகிவிட்டது. அடித்தவன் போட்டிருந்த சட்டை நிறம் வரைக்கும் எனக்குத் தெரிந்தது.

திருநகரில் ஒரு இயக்குநர் இருந்தார். ஒரு படம் எடுத்தவர், இரண்டாவது படத்துக்குக் கதை தேடிக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டு, "இதைக் கட் பண்ணுன தம்பி யாரு?" என்று விசாரித்து என்னை அழைத்தார். கதை சொல்லப் போன அன்று காலையில் அப்பா பரவை மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் கொண்டுவந்திருந்தார். போனில் எங்கே இருக்கிறாய் என்று கேட்டார்.

"திருநகருக்குப் போறேன்ப்பா. நம்ம கதையச் சொல்ல."

"நம்ம கதையா? அப்ப நானும் வாரேன்."

எனக்குச் சந்தோஷம்தான். கதையின் சொந்தக்காரரையே கூட்டிப்போகிறேன், இதைவிடச் சாட்சி என்ன வேண்டும் என்று நினைத்தேன். அறை ஞாபகத்துக்கே வரவில்லை. இல்லை, அது நான் செருகியது என்பது ஞாபகத்துக்கு வரவில்லை.

இயக்குநரின் ஹாலில் இரண்டு உதவி இயக்குநர்கள் நோட்டும் பேனாவுமாக இருந்தார்கள். அப்பா காலிச் சாக்கை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். "ஐயா, நல்லா சாஞ்சு உக்காருங்க. காபி சாப்பிடுங்க" என்று இயக்குநர் தானே எடுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

நான் ஆரம்பித்தேன். ஓப்பன் பண்ணினேன், கட் பண்ணினேன். அப்பா சும்மா இருக்கவில்லை.

"நாலு நாளு முழுசா இல்ல சார். நாலாவது நாளு காலைல பத்து மணிக்கே விட்டுட்டாங்க."

உதவி இயக்குநர்கள் சிரித்தபடி எழுதிக்கொண்டார்கள்.

"அம்மா கஞ்சி கொண்டு வாராங்க..."

"மூணாவது நாளு எலுமிச்ச சாதம். அதையும் சொல்லு. பாவம், காலைலயே எந்திரிச்சுக் கிண்டுனா."

ஹால் முழுக்கச் சிரிப்பு. எல்லாம் என் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் மத்தியானத்துக்கு வந்தேன். குரலை இறக்கினேன். ஒருத்தன் கரையை விட்டு இறங்குகிறான். நடந்து வருகிறான். எழுந்து நின்று உள்ளங்கைகளைத் தட்டினேன். பளார்.

பேனாக்கள் நின்றன. இயக்குநர் முன்னால் சாய்ந்தார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்து அப்பா குரல் வந்தது.

"யாரை?"

நான் திரும்பவில்லை.

"ஏப்பா, யாரை அடிச்சான்?"

"உங்களத்தான்ப்பா."

"என்னைய எவன் அடிச்சான்?"

இயக்குநர் புரிந்துகொண்டு சிரித்தார். "ஐயா, அது சினிமாவுக்காகத் தம்பி சேத்திருக்காப்ல."

"சினிமாவுக்குன்னா நீங்க யாராவது வாங்கிக்கங்க சார். எனக்கு எதுக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. இயக்குநர் நிதானமாக விளக்க ஆரம்பித்தார். இந்த அறைதான் படம், இது இல்லாவிட்டால் அங்கே ஒரு ஆள் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அறை விழுந்தால்தான் பார்க்கிறவனுக்கு ரத்தம் கொதிக்கும். கொதித்த ரத்தத்தை இடைவேளையில் இன்னும் ஏற்ற வேண்டும். "இன்டர்வல்ல அப்பா கேரக்டர் போயிரணும் தம்பி."

"எங்க போகணும்?" என்றார் அப்பா.

இயக்குநர் ஒரு உதவியைப் பார்த்தார். அந்தப் பையன் தொண்டையைக் கனைத்தான். "அது வந்து ஐயா... நீங்க எறந்துர்றீங்க."

"தண்ணி வர்றதுக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி."

"அப்ப தண்ணி யாருக்கு?"

"செகண்ட் ஆஃப்ல உங்க பையன் வந்து எல்லாரையும் வெட்டிட்டு வாங்குறாரு ஐயா."

அப்பா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "இவனா? கோழி அறுக்கையில வீட்டை விட்டு ஓடிருவான் சார் இவன்" என்றார். சாக்கை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு எனக்காக நின்றார்.

பெரியார் நிலையத்துக்கு வருகிற பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பஸ் பழங்காநத்தத்தைத் தாண்டியது. அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்க அப்பனை அடிச்சிருக்காங்க. எங்க சித்தப்பனை மரத்துல கட்டி வச்சு அடிச்சாங்க, நான் பாத்தேன். ஒங்க பெரியப்பன் ரெண்டு தடவ வாங்கியிருக்கான். நம்ம தெருவுல எங்க வயசுல அடி வாங்காத ஆம்பள நான் ஒருத்தன்தான். அது சும்மா கெடைச்சதுன்னு நெனைக்கிறியா? எப்ப வாயத் தொறக்கணும், எங்க நிக்கணும், எப்ப எந்திரிச்சுப் போகணும்னு ஒவ்வொரு நாளும் யோசிச்சு யோசிச்சுக் காப்பாத்துன கன்னம்யா இது. அத்தனை பேராலயும் வாய்க்கா மேட்டுல வச்சு அடிக்க முடியல. நீ டீக்கடையில வச்சு அடிச்சுப்புட்டியே."

பெரியார் நிலையத்தில் சாக்கை இடுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கிப் போனார்.

அன்று பிற்பகல் ஸ்டூடியோவில் உட்கார்ந்து யாருடைய காதுகுத்தையோ வெட்டிக்கொண்டிருந்தேன். கை வேலை செய்தது. மூளை முழுக்க ஒரே விஷயம். எங்களைப் போன்றவர்கள் திரைக்குள் நுழைய வேண்டும் என்றால் வாசலிலேயே ஒரு அடி வாங்க வேண்டும் என்று யார் விதி எழுதியது? அடி வாங்கினால் உள்ளே விடுவார்கள். செத்தால் நடுவில் உட்கார வைப்பார்கள். பார்க்கிறவர்கள் கண் கலங்கி, இப்படியும் நடக்குமா என்று கேட்டுவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஜெயித்து, வயதாகி, மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் கொண்டுவருகிற ஆளுக்கு அங்கே இடமில்லை. மதுரை என்றால் அருவாள் என்பார்கள். எங்கள் வீட்டில் அருவாள் இருந்தது. அம்மா கதிர் அறுத்தாள். அந்த அருவாளை யாரும் படம் எடுக்கவில்லை. அது நெல்லைத் தவிர வேறு எதையும் வெட்டாததால் இருக்கலாம்.

கோபம் அவர்கள் மேல் மட்டுமில்லை. அந்த விதியை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஒரு கொட்டாவியைப் பார்த்ததும் நானே கையை ஓங்கிவிட்டேன்.

அடுத்த வாரம் தனியாகத் திருநகர் போனேன். இயக்குநர் ஒரு முடிவோடு இருந்தார். என்னை உதவி இயக்குநராகச் சேர்த்துக்கொள்கிறேன், படத்தில் 'கதை' என்று உன் பெயர் தனியாக வரும் என்றார். எங்கள் தெருவில் எவர் பெயரும் வாக்காளர் பட்டியலைத் தவிர வேறு எங்கும் அச்சில் வந்ததில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. கேட்க மட்டும் செய்தேன்.

"அண்ணே, அறையும் சாவும் இல்லாமப் பண்ணலாமா?"

"அப்பக் கதையில என்ன இருக்கு தம்பி?"

"ஒரு ஆளு ஒரு கேள்வி கேக்குறாரு. பதில் வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேங்குறாரு."

"அதை எவன் ரெண்டு மணி நேரம் உக்காந்து பாப்பான்?"

"எங்க ஊருல நாலு நாளு பாத்தாங்கண்ணே."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "உங்க மக்கள் பட்ட வலியத்தான் தம்பி நான் ஊருக்குக் காட்டணும்னு சொல்றேன். உனக்கு ஏன் அது கசக்குது?" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"வலி இருந்துச்சுண்ணே. இல்லைங்கல. ஆனா இந்தக் கதை வலியப் பத்தினது இல்ல. இது தண்ணி வந்த கதை."

"இம்புட்டுப் பிடிவாதம் இந்த ஃபீல்டுக்கு ஆகாது."

"சரிண்ணே. வாரேன்."

தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வீரம் எல்லாம் ஒன்றுமில்லை. என் பெயர் திரையில் வருகிற காட்சியை ஒரு வாரமாகத் தூக்கமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஸ்டூடியோ கேமரா சும்மா இருக்கும், கண்மாயில் தண்ணீரும் இருக்கும். முதலாளி பத்து நாளைக்குக் கேமராவைக் கொடுத்தார். கொட்டாவி விட்டவனைத்தான் அப்பாவாக நடிக்க வைத்தேன். செய்த பாவத்துக்கு அவன் வெறும் கல்லில் பனியில் உட்காரட்டும் என்று நினைத்தேன். அவனும் வந்தான்.

அப்பா முதல் இரண்டு நாள் வரப்புப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து தூரத்தில் நின்றார். அரை மணி நேரம் பார்த்தார். பிறகு பொறுக்கமாட்டாமல் கிட்டே வந்தார்.

"ஏப்பா, இவன் உக்காந்திருக்கிறது தப்பு."

"ஏன் பெரியப்பா? கல்லுலதான உக்காந்திருக்கேன்?"

"நடந்து வர்றவன் கைக்கு எட்டுற தூரத்துல உக்காந்திருக்க. எட்டுச்சுன்னா அவன் கைக்கு ஆச வரும். கல்ல அங்கிட்டுத் தள்ளிப் போடு. நடுவுல வாய்க்கா இருக்கணும். அவன் ஒன்னைய அடிக்கணும்னா தண்ணிக்குள்ள எறங்கி ஏறணும். எறங்கும்போது வேட்டி நனையும். நனைஞ்ச வேட்டியோட ஒருத்தனுக்கு அம்புட்டுக் கோவம் வராது. அன்னைக்கும் ஒருத்தரு ஓரம் வரைக்கும் வந்து, தண்ணியப் பாத்துட்டுத் திரும்பிப் போனாரு."

நாங்கள் இரண்டு பேரும் கல்லைத் தூக்கி எதிர்க்கரையில் போட்டோம். இருபது வருடம் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். கல் எங்கே கிடந்தது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சண்டை இல்லாத நாலு நாள் என்று டீக்கடையில் சிரித்தோமே, அந்த நாலு நாளும் அடி அந்த வாய்க்காலின் அகலத்துக்கு அப்பால் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. அதை அங்கேயே நிறுத்தி வைப்பதுதான் அப்பா பார்த்த வேலை. எனக்கு என் படம் அங்கே கிடைத்தது. முகத்தை மட்டும் பெரிதாக்குகிற என் பழைய புத்தியை விட்டேன். உட்கார்ந்திருக்கிறவரும், நிற்கிறவரும், நடுவில் ஓடுகிற தண்ணீரும் ஒரே சட்டகத்தில் எப்போதும் தெரிய வேண்டும் என்று கேமராவைப் பின்னால் இழுத்து வைத்தேன். எதை எதற்குப் பக்கத்தில் ஒட்டுவது என்பது எனக்குத் தெரியும். எதைப் பிரிக்காமல் விடுவது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"யாருடா ஒனக்கு அண்ணன்" என்று அன்றைக்குக் கேட்டவர் இப்போதும் ஊரில் இருக்கிறார். அவர் வரப்பில் கேமரா வைக்க அனுமதி கேட்கப் போனேன்.

"என் வேசம் யாரு கட்டுறது?" என்றார்.

"இன்னும் ஆள் கெடைக்கலண்ணே."

"நானே வந்து நிக்கவா? ஆனா என்னைய ரொம்பக் கெட்டவனாக் காட்டிராதப்பா."

"நடந்ததத்தான் காட்டுவேண்ணே. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வந்தார். காட்சிக்கு அவர் வயது இடித்தது, இடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அவருக்கு வசனம் வரவில்லை. "யாருப்பா ஒனக்கு அண்ணன்" என்றே நான்கு டேக் சொன்னார். ஐந்தாவதில் அப்பா கரையிலிருந்து குரல் கொடுத்தார்.

"அண்ணே, 'டா' போடுங்க. அன்னைக்குப் போட்டீங்கள்ல."

"இன்னைக்கு எப்படிப்பா போடுறது? பேரன் பாத்துக்கிட்டு நிக்கிறான்."

"அன்னைக்கு எனக்கும் ஒரு மகன் இருந்தான்ல. போடுங்க."

அவர் தலையைக் குனிந்து வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு போட்டார். அது சரியாக வந்தது.

முதல் தடவை வெட்டி நண்பர்களுக்குக் காட்டினபோது இன்னொரு பிரச்சினை. "நல்லாருக்கு மாப்ள. ஆனா அண்ணேனு சொன்னதுக்கு எதுக்கு அந்தாளு இம்புட்டு மொறைக்கிறாரு? கண்டக்டரையே நாம அண்ணேனுதான சொல்றோம்?" என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம். எல்லோரும் எல்லோரையும் அண்ணே என்கிற ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் என்ன எடை இருந்தது என்று எப்படிக் காட்டுவது? மறுபடி எங்கள் தெருவுக்குப் போய் இன்னும் இரண்டு நாள் எடுத்தேன். முதல் ஐந்து நிமிடம் யாராவது யாரையாவது 'ஐயா' என்கிறார்கள். கடையில், களத்தில், சைக்கிளில் போகிற சிறுவனிடம். பின்னணி இசை கிடையாது. அதற்குப் பிறகு மடையில் அந்த ஒரு 'அண்ணே' விழும்போது, சொன்னவர் முகத்துக்கு நான் வெட்டிப் போகவில்லை. அதே சட்டகத்தில் கேட்டவர் நிற்பதையே காட்டிக்கொண்டிருந்தேன். அறை என்று ஒன்று வேண்டுமென்றால் இதுதான் அது. விழுந்தது எங்கள் பக்கம் இல்லை.

தை பிறந்து, சொந்தத்தில் ஒரு காதுகுத்து வந்தது. மண்டபத்தில் எல்.இ.டி. திரை கட்டியிருந்தார்கள். முதல் பந்தி முடிந்த நேரத்தில் படத்தைப் போட்டேன். இருபத்தி ஒரு நிமிடம். எங்கள் தெரு முழுக்க இருந்தது. ஊருக்குள்ளிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் 'யாருடா' என்றவர் கரையிலிருந்து இறங்கி நடந்து வருகிற இடத்தில், இலை எடுத்துக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஆத்தி, அடிக்கப் போறான்" என்றாள் ஒரு சித்தி.

வாய்க்கால் ஓரம் வரை வந்தார். தண்ணீரைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். நின்றார். திரும்பிப் போனார்.

படம் முடிந்ததும் என் மாமா மகன் வந்தான். "என்ன மச்சான், ஒரு அடி கூட இல்ல? நான் கடைசி வரைக்கும் எதிர்பாத்துக்கிட்டே இருந்தேன்."

"நானும் அப்படித்தான் இருந்தேன். நாலு நாளு" என்றார் அப்பா. அடுத்த பந்திக்கு இலை போட ஆள் பற்றவில்லை என்று யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டார். படத்தைப் பற்றி என்னிடம் அவர் வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் போனில் கேட்டது ஒன்றுதான்: இதை இன்னும் எங்கெங்கே போட்டுக் காட்டலாம்?

திருநகர் இயக்குநருக்கு லிங்க் அனுப்பினேன். பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார், மனதார. "அந்த ஆளு வாய்க்கா ஓரத்துல நிக்கிறாப்ல பாரு, அங்க ஒண்ணே ஒண்ணு விட்டிருந்தா படம் எங்கயோ போயிருக்கும் தம்பி" என்றார். ஒரு குறும்பட விழாவிலிருந்தும் ஏறக்குறைய அதே பதில் வந்தது. இயல்பாக இருக்கிறது, மோதல் போதவில்லை, அந்த இடத்தை வலுப்படுத்தி மீண்டும் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

மீண்டும் அனுப்பியிருக்கிறேன். இன்னும் மூன்று இடங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். அவர் தண்ணீரைப் பார்த்து நிற்கிற அந்த இடம் பதினோரு வினாடி இருந்தது. போதவில்லை என்று எனக்கும் பட்டதால் பதினெட்டாக நீட்டியிருக்கிறேன். கொட்டாவி விடுகிறவர்கள் விடட்டும். அந்தப் பதினெட்டு வினாடியும் அப்பா எதிர்க்கரையில் உட்கார்ந்திருப்பார். அவர்மேல் எந்தக் கையும் படாது.